பூட்டு எங்கே போச்சு? ஒரே கோடில் பல பேர் கை வைத்த கதை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும், திரும்பத் திரும்பச் சொன்னதையும் மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை ஒரு தப்பான பில்லில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் முதல் வேலையில் சேர்ந்து ஏழெட்டு மாசம் இருக்கும். ஓஎம்ஆரில் ஒரு ஆபீஸ், பேர் வேண்டாம். பக்கத்து டீம் எல்லாம் கிட்டுக்கு மாறின பிறகும் எங்க டீம் மட்டும் சப்வெர்ஷனில்தான் இருந்தது. அதிலும் முக்கியமான ஃபைல்களுக்கு லாக் கட்டாயம். லாக் எடுக்காத வரைக்கும் அந்த ஃபைல் உங்க மெஷினில் படிக்க மட்டும்தான் திறக்கும்.

எங்க சீனியர் ஒருத்தர் இருந்தார், அண்ணான்னுதான் கூப்பிடுவேன். அவர் தொகையைக் கணக்குப் போடும் ஃபைலை லாக் செய்து, அதில் ஒரு ஃபங்ஷனை மாற்றினார். அதுவரைக்கும் ரூபாயில் விடை தந்த ஃபங்ஷன், இனிமே பைசாவில் தரும். ரவுண்டிங் தொல்லைக்கு அது சரியான தீர்வுதான். அதைக் கூப்பிடும் இடங்களை எல்லாம் தேடித் தேடித் திருத்தினார். அதே வாரம் நான் வேறொரு ஃபைலை லாக் செய்து, அதே ஃபங்ஷனைப் புதுசா ஒரு இடத்தில் கூப்பிட்டேன், ரூபாய்தான் வரும்னு நம்பி. அவர் தேடினப்போ என் வரி ரெப்போவிலேயே இல்லை, என் மெஷினில்தான் இருந்தது.

ரெண்டு கமிட்டும் சத்தமில்லாமல் உள்ளே போச்சு. கம்பைல் ஆச்சு. 1,250 ரூபாய்க்குப் போக வேண்டிய பில், ஒரு கஸ்டமருக்கு 1,25,000 ரூபாய்க்குப் போச்சு. அன்னைக்கு சாயங்காலம் மேனேஜர் கேபினில் நின்னது இன்னும் ஞாபகம் இருக்கு. வேலை போயிடும்னுதான் நினைச்சேன்.

வேலை போகல. ஆனா ஒரு கேள்வி மண்டைக்குள்ளேயே நின்னுடுச்சு. ரெண்டு பேருமே விதிப்படி பூட்டு போட்டுத்தான் வேலை செஞ்சோம். அப்போ அந்தப் பூட்டு எதைத்தான் காப்பாத்துச்சு? இந்தக் கேள்விக்கு ஒரு ஐம்பது வருஷக் கதை இருக்கு. அதுதான் இன்னைக்கு.

மேன்ஷன் பாத்ரூம்

பூட்டு ஏன் வந்ததுன்னு முதல்ல பார்ப்போம். ஒரே ஃபைலை நீங்களும் நானும் காப்பி எடுக்கிறோம். நீங்க காலையில் பத்து வரி மாற்றிச் சேமிக்கிறீங்க. நான் என் பழைய காப்பியில் வேலை முடித்து, மதியம் அதன் மேலேயே சேமிக்கிறேன். உங்க பத்து வரி காணாமல் போச்சு. யாரும் அழிக்கணும்னு அழிக்கல. கடைசியா வந்தவர் காப்பிதான் மிச்சம்.

இதுக்கு எளிமையான தீர்வு, திருவல்லிக்கேணி மேன்ஷனில் காமன் பாத்ரூமுக்கு இருக்கிற தாழ்ப்பாள். ஒருத்தர் உள்ளே போய் தாழ் போட்டால் மத்தவங்க பக்கெட்டோட வெளியே நிக்கணும்.

மென்பொருளில் இந்தத் தாழ்ப்பாளைப் பரவலாக்கியது எஸ்சிசிஎஸ் என்ற கருவி. மார்க் ராக்கைண்ட் என்ற பொறியாளர் 1972-இல் பெல் லேப்ஸில் அதை எழுதினார். முதல் வடிவம் ஐபிஎம் சிஸ்டம் 370 மெஷினுக்காக, ஸ்னோபால் 4 என்ற மொழியில். பிறகு யூனிக்ஸுக்காக சி மொழியில் திரும்ப எழுதப்பட்டது. 1975 டிசம்பரில் இதைப் பற்றிய அவருடைய கட்டுரை வெளிவந்தது.

எஸ்சிசிஎஸ் ஒவ்வொரு ஃபைலின் எல்லாப் பதிப்புகளையும் ஒரே ஃபைலுக்குள் வைக்கும். முழு காப்பிகளாக அல்ல. எந்தப் பதிப்பில் எந்த வரி வந்தது, எதில் போனது என்ற வித்தியாசங்களாக. திருத்துவதற்கென்று ஒரு ஃபைலை நீங்க கேட்டால், பக்கத்தில் குட்டியாக இன்னொரு ஃபைல் உருவாகும். யார் எடுத்தது, எந்தப் பதிப்பு, எப்போது என்று அதில் பதிவாகும். அந்தப் பதிவு இருக்கும்வரை அதே பதிப்பை இன்னொருத்தர் திருத்தக் கேட்டால் கிடைக்காது. பூட்டுன்னா அவ்ளோதான், ஒரு குட்டி ஃபைலில் ஒரு வரி.

சரியான புரோகிராமில் பிழை தேடிய காலை

அதே பெல் லேப்ஸில், கிட்டத்தட்ட அதே காலத்தில், பிரச்சினையின் இன்னொரு முனையும் தெரிய ஆரம்பித்தது.

1976. 'யாக்' என்ற புகழ்பெற்ற கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன், ஒரு நாள் காலை முழுக்க ஒரு புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் பார்த்தால் பிழையை அவர் ஏற்கெனவே சரிசெய்துவிட்டார். திருத்திய ஃபைலைத் திரும்ப கம்பைல் செய்ய மறந்திருந்தார், அதனால் பழைய துண்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. கடுப்போடு ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குப் போனார். ஃபெல்ட்மனும் முந்தின நாள் சாயங்காலம் இதே தொல்லையில் நேரம் தொலைத்தவர்தான். அந்த வார இறுதியிலேயே ஒரு தீர்வை எழுத ஆரம்பித்தார். அதுதான் 'மேக்'. 2003-இல் இதற்காக அவருக்கு ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருது கிடைத்தது.

மேக் செய்வது இதுதான்: எந்த ஃபைல் எதை நம்பி இருக்கு என்று ஒரு பட்டியல் எழுதிவைப்பீங்க. ஒன்று மாறினால், அதை நம்பி இருக்கிற எல்லாவற்றையும் மேக் திரும்ப உருவாக்கும். நாம டிபெண்டன்சின்னு சொல்றோமே, அதை முதல்முறையாகக் கருவி படிக்கிற மாதிரி எழுதிவைத்தது இங்கேதான் பிரபலமானது.

இப்போ ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. எஸ்சிசிஎஸ்ஸுக்கு யார் எந்த ஃபைலை வைத்திருக்காங்கன்னு தெரியும், எது எதை நம்பி இருக்குன்னு தெரியாது. மேக்குக்கு எது எதை நம்பி இருக்குன்னு தெரியும், யார் கை வைக்கிறாங்கன்னு தெரியாது. என்னுடைய 1,25,000 ரூபாய் பில் சரியாக இந்த ரெண்டுக்கும் நடுவில் விழுந்தது.

இந்த இடைவெளியை முன்கூட்டியே யோசித்தவரும் உண்டு. எஸ்சிசிஎஸ் பிறந்த அதே 1972-இல் டேவிட் பார்னஸ் ஒரு கட்டுரை வெளியிட்டார். புரோகிராமை எப்படித் துண்டு போடணும் என்பதுதான் விஷயம். நாளைக்கு மாற வாய்ப்புள்ள ஒவ்வொரு முடிவையும் ஒரு துண்டுக்குள் மறைத்து வையுங்கள், அப்போது அது மாறினாலும் மத்த துண்டுகளுக்குத் தெரிய வேண்டியதில்லை என்றார். தொகையை ரூபாயில் வைக்கிறோமா பைசாவில் வைக்கிறோமா என்பது அப்படி மறைக்க வேண்டிய முடிவுக்கு அச்சு அசல் உதாரணம். எங்க கோடில் அது நடுக்கூடத்தில் கிடந்தது.

பூட்டை உடைத்தால் கடிதம் போகும்

1982-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிச்சி ஆர்சிஎஸ் என்ற கருவியை வெளியிட்டார். இதில் கடைசிப் பதிப்பு முழுசாக இருக்கும், பழையவைதான் வித்தியாசங்களாக இருக்கும். எல்லாருக்கும் பெரும்பாலும் தேவைப்படுவது கடைசிப் பதிப்புதானே, அது வேகமாக வரும். பூட்டு இங்கேயும் உண்டு.

பூட்டோட வாழ்ந்தவங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஒருத்தர் ஃபைலைப் பூட்டிட்டு பொங்கலுக்கு ஊருக்குப் போயிடுவார். போன் போட்டால் பஸ்ஸில் இருப்பார், சிக்னல் இருக்காது. ரிலீஸ் நாளைக்கு. என்ன செய்வீங்க?

ஆர்சிஎஸ் இதற்கு வைத்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்னொருத்தர் பூட்டை நீங்க உடைக்கலாம். ஆனா உடைக்கும்போது, ஏன் உடைக்கிறீங்கன்னு கருவி உங்களைக் கேட்கும். நீங்க எழுதுகிற காரணம், பூட்டு போட்டவருக்கு மெயிலாகப் போய்ச் சேரும். அதாவது பூட்டு என்பது முழுக்க ஒரு தடுப்பு இல்லை, ரெண்டு பேருக்கு நடுவில் நடக்க வேண்டிய பேச்சுக்கு ஒரு மாற்று ஏற்பாடு. பூட்டு உடையும் நேரத்தில் அந்தப் பேச்சு நடந்தே ஆகணும்னு ஆர்சிஎஸ் கட்டாயப்படுத்தியது.

ஆம்ஸ்டர்டாமில் மூணு பேர், மூணு நேரம்

அடுத்த திருப்பம் நெதர்லாந்தில். ஆம்ஸ்டர்டாமின் ஃப்ரெயே பல்கலைக்கழகத்தில் டிக் க்ரூனே என்ற விரிவுரையாளர், ரெண்டு மாணவர்களோட சேர்ந்து ஒரு சி கம்பைலர் எழுதிக்கொண்டிருந்தார். காலம் 1984 ஜூலையில் இருந்து 1985 ஆகஸ்ட் வரை. ஒரு மாணவர் ஒன்பது மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகிறவர். இன்னொருத்தர் எப்போ வருவார்னு சொல்ல முடியாது. க்ரூனேவுக்கு சாயங்காலம் மட்டும்தான் நேரம்.

இந்த மூணு பேர் நடுவில் பூட்டு வைத்து யோசித்துப் பாருங்க. ஒருத்தர் பூட்டிட்டுப் போனால் அடுத்தவர் ஆளைப் பார்க்கவே முடியாது, சாவி எங்கே கேட்கிறது?

அதனால் க்ரூனே ஆர்சிஎஸ் மேலேயே சில ஷெல் ஸ்கிரிப்ட்களை எழுதினார். யார் வேணும்னாலும் காப்பி எடுங்க, உங்க நேரத்தில் மாற்றுங்க, திரும்ப வைக்கும்போது மட்டும் சேர்த்துக்கலாம். தனித்தனியா கமிட் செய்யலாம் என்பதால் முதலில் 'சிஎம்டி' என்றே பேர் வைத்தார். பிறகு அது சிவிஎஸ் ஆனது. 1986-இல் பொதுவில் வெளியானது. 1989-இல் பிரையன் பெர்லினர் அதை சி மொழியில் புதுசாக எழுத, அதன் பிறகு திறந்தமூல உலகத்தின் பெரும்பகுதி சிவிஎஸ்ஸில்தான் வாழ்ந்தது.

பூட்டே இல்லாமல் எப்படி? மூணு காப்பியை ஒப்பிடுவதுதான் சூட்சுமம். ரெண்டு பேரும் எடுத்த பழைய பதிப்பு, உங்க பதிப்பு, என் பதிப்பு. நீங்க மேல் பக்கம் மாற்றி, நான் கீழ்ப் பக்கம் மாற்றியிருந்தால் ரெண்டையும் கருவியே சேர்த்துவிடும். ஒரே இடத்தில் ரெண்டு பேரும் கை வைத்திருந்தால் மட்டும், நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்கன்னு நிற்கும். இன்னைக்கு நாம திட்டிக்கிட்டே தீர்க்கிற மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் இதுதான்.

ஆனா கவனிங்க, ஒப்பிடுவது வரிகளைத்தான். என் வரியும் அண்ணாவோட வரியும் வேறவேற ஃபைலில் இருந்தது. கருவியைப் பொறுத்தவரை எங்களுக்குள்ளே சண்டையே இல்லை. இந்த எல்லை அந்தக் காலத்திலேயே தெரிஞ்சதுதான். சகப் புரோகிராமர்களோட பேசுறதுக்கு இந்தக் கருவி மாற்று ஆகாதுன்னு சிவிஎஸ் கையேடே வெளிப்படையாகச் சொல்லும். சப்வெர்ஷனின் கையேடு இன்னும் ஒரு படி மேலே போய், ஒன்றை ஒன்று நம்பியிருக்கும் ரெண்டு ஃபைல்களை ரெண்டு பேர் தனித்தனியே பூட்டி மாற்றினால், பூட்டு பொய்யான நிம்மதியைத்தான் தரும்னு எச்சரிக்கும். எங்க ஆபீஸில் சப்வெர்ஷன் இருந்தது. கையேட்டை யாரும் படிக்கல, என்னையும் சேர்த்து.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சப்வெர்ஷன், நீங்க கமிட் செய்கிற ஃபைல் பழசாகிவிட்டதா என்று மட்டும் பார்க்கும். மொத்த ட்ரீயும் புதுசா இருக்கான்னு பார்க்காது. என் மெஷினில் என் ஃபைல் புதுசு, அண்ணாவோட ஃபைல் பழசு. டெஸ்ட் ஓட்டினேன், பாஸ். அந்தச் சேர்க்கை என் மெஷினைத் தவிர உலகத்தில் வேறெங்கேயும் இல்லை.

2005: ஒரு பக்கம் கழட்டினாங்க, ஒரு பக்கம் மாட்டினாங்க

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் எழுத ஆரம்பித்தார். லினக்ஸ் கெர்னல் அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பரின் இலவச அனுமதி முடிவுக்கு வந்ததுதான் காரணம். கிட்டில் ஒவ்வொருத்தர் மெஷினிலும் முழு வரலாறும் இருக்கும். மைய சர்வரே கட்டாயம் இல்லாத இடத்தில் பூட்டை எங்கே மாட்டுவீங்க? அதனால் அந்தப் பேச்சே இல்லை.

வேடிக்கை என்னன்னா, அடுத்த மாசமே, 2005 மே மாதம், சப்வெர்ஷன் தன்னுடைய 1.2 பதிப்பில் பூட்டைப் புதுசா சேர்த்தது. பின்னோக்கிப் போனதா? இல்லை. படம், ஒலி, 3டி மாடல் மாதிரி ஃபைல்களை வரிவரியா சேர்க்க முடியாது. ரெண்டு பேர் ஒரே படத்தைத் திருத்தினால் ஒருத்தர் உழைப்பு குப்பைக்குத்தான் போகும். அங்கே தாழ்ப்பாள்தான் நியாயம். பெரிய ஃபைல்களுக்கான கிட் எல்எஃப்எஸ் என்ற துணைக் கருவியிலும் 2017-இல் பூட்டு வந்து சேர்ந்தது.

இதே காலகட்டத்தில் 'லாக்' என்ற சொல்லுக்கே இன்னொரு அர்த்தமும் ஒட்டிக்கொண்டது. ரூபி உலகத்தில் 2010 வாக்கில் பண்ட்லர் கொண்டுவந்த லாக்ஃபைல், 2016-இல் யார்ன், 2017-இல் என்பிஎம். இது ஆளைத் தடுக்கிற பூட்டு இல்லை. வெளியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு லைப்ரரியிலும் சரியாக எந்தப் பதிப்பு என்று அறைந்துவைக்கும் ஆணி. அது இல்லாவிட்டால் உங்க மெஷினில் ஒரு பதிப்பும் சர்வரில் வேறொரு பதிப்பும் ஏறும். ஆணி அடிச்சாலும் சுவர் இருக்கணும். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி பேக்கேஜை எழுதியவர் அதை என்பிஎம்மில் இருந்து நீக்க, உலகம் முழுக்க பில்டுகள் உடைந்தது ஞாபகம் இருக்கும். பதிப்பை எவ்வளவு கச்சிதமாகக் குறித்து வைத்திருந்தாலும், பேக்கேஜே இல்லைன்னா ஒன்றும் செய்ய முடியாது.

வரிசை திரும்பி வந்தது

சரி, என் பில்லைப் பிடிச்சிருக்கக்கூடிய கருவி ஏதாவது வந்ததா? வந்தது, ரெண்டு பக்கத்தில் இருந்து.

ஒன்று, ஒரே பெரிய ட்ரீ. கூகுள் 2016-இல் வெளியிட்ட கட்டுரைப்படி, 2015 தொடக்கத்தில் அவங்களோட ஒரே ரெப்போவில் சுமார் 200 கோடி வரி கோடு இருந்தது, அளவு 86 டெராபைட். 25,000 டெவலப்பர்கள். அங்கே ஃபைலுக்குப் பூட்டு இல்லை, ஆனா ஒவ்வொரு டைரக்டரிக்கும் உரிமையாளர்கள் உண்டு. அவங்க ஒப்புதல் இல்லாமல் மாற்றம் உள்ளே போகாது. எது எதை நம்பி இருக்கு என்ற வரைபடமும் கருவியிடம் உண்டு. ஒன்று மாறினால், அதை நம்பியிருக்கும் கோடின் டெஸ்டுகள் ஓடும். 1976-இல் ஃபெல்ட்மன் எழுதிவைக்கச் சொன்ன அதே பட்டியல்தான், அளவு மட்டும் பெருசு.

ரெண்டாவது, மெர்ஜ் கியூ. ரஸ்ட் மொழியை ஆரம்பித்த கிரேடன் ஹோர், அதற்காக 'போர்ஸ்' என்ற பாட்டை எழுதினார். உங்க மாற்றத்தை நீங்களே மெர்ஜ் செய்ய முடியாது. வரிசையில் நிக்கணும். உங்க முறை வரும்போது, அந்த நிமிஷம் வரைக்கும் உள்ளே போன எல்லாத்தோடும் உங்க மாற்றத்தைச் சேர்த்து டெஸ்ட் ஓடும். பாஸ் ஆனால்தான் மெயின் பிராஞ்சுக்குள் போகும். 2023-இல் கிட்ஹப்பே இந்த வசதியை எல்லாருக்கும் திறந்தது.

அதாவது ஒரே நேரத்தில் பல பேர் வேலை செய்யலாம், ஆனா கடைசி வாசலில் ஒருத்தர் பின்னால ஒருத்தர்தான். 1972-இன் பக்கெட் வரிசைதான். முன்னாடி தாழ்ப்பாள் ஒவ்வொரு ஃபைலுக்கும் இருந்தது, நாள் கணக்கில் காத்திருந்தோம். இப்போ மொத்த ட்ரீயின் வாசலுக்கு ஒரே தாழ்ப்பாள், டெஸ்ட் ஓடுகிற நேரம் மட்டும் காத்திருக்கிறோம். பூட்டு ஒழியல, இடம் மாறியிருக்கு.

மறுபடியும் அந்த கேபின்

ஆனா ஒரு நிபந்தனை இருக்கு. மெர்ஜ் கியூ இருந்திருந்தாலும், அந்த பில் தொகையைச் சரிபார்க்க ஒரு டெஸ்ட் இருந்திருந்தால்தான் பிடிச்சிருக்கும். எங்ககிட்ட இல்லை. என் டெஸ்ட், பில் உருவாகுதான்னுதான் பார்த்தது. எவ்ளோன்னு பார்க்கல.

அன்னைக்கு கேபினை விட்டு வெளியே வந்ததும், அண்ணாகிட்ட சாரி சொல்லலாம்னு போனேன். அவர் டீ வாங்கிக் கொடுத்துட்டு, "தப்பு என்னோடதுடா. அர்த்தத்தை மாத்தினவன் பேரையும் மாத்தியிருக்கணும்"னு சொன்னார்.

அந்த ஒரு வாக்கியம் புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆச்சு. ஃபங்ஷன் பேரில் 'பைசா'ன்னு ஒரு சொல் சேர்த்துப் பழைய பேரை எடுத்திருந்தால், என் வரி கம்பைலே ஆகியிருக்காது. எந்த லாக்கும், எந்த கியூவும் தேவைப்பட்டிருக்காது. பழைய பேரைக் கூப்பிடுகிற எல்லாரையும், அவருக்குத் தெரியாத என்னையும் சேர்த்து, கம்பைலரே கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்கும்.

நான் செய்ய வேண்டியதும் ஒன்று இருந்தது. அந்த ஃபைலில் அண்ணாவோட பூட்டு தொங்குறதை நான் பார்த்தேன். பார்த்துட்டு, "நமக்கு அந்த ஃபைல் வேண்டாமே"ன்னு நகர்ந்துட்டேன். அது என் வழியை மறிக்கலைன்னு மட்டும்தான் பார்த்தேன். அதை ஒரு செய்தியா படிச்சிருக்கணும்: நீ நம்பி இருக்கிற இடத்தில் ஒருத்தர் வேலை செய்யுறார், போய் என்னன்னு கேளு. அவர் ரெண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்.

நாளைக்கு உங்க டீமில் ஒரு பொது ஃபங்ஷனின் அர்த்தத்தை மாற்றப் போறீங்கன்னா, பேரை மாற்றுங்க. அடுத்தவர் கோடை நம்பி எழுதுறீங்கன்னா, அதில் யாருடைய திறந்த பிராஞ்ச் இருக்குன்னு ஒரு தடவை பாருங்க. ரெண்டுக்கும் சேர்த்து அஞ்சு நிமிஷம்தான் ஆகும்.

உங்க ஆபீஸிலும் இப்படி ஒரு பில் கதை இருந்தால், கம்பெனி பேரை மட்டும் விட்டுட்டு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம். அதுவரைக்கும், கமிட் பண்ணிட்டுத் தூங்குங்க.